டிரக்கில் படுக்கும்போது குளிர்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பனிக்கால வேட்டைக்குப் போய், முன்னால் கேபினும் பின்னால் சாமான் தொட்டியும் உள்ள பிக்கப் டிரக்கிலேயே படுப்பவர்கள், குளிர் தாங்கவில்லை என்றதும் முதலில் தேடுவது ஒரு ஹீட்டரை. பல நேரம் அது தேவையே இல்லை. தூங்கும் மனித உடம்பு ஏறத்தாழ 70 முதல் 80 வாட் வெப்பத்தை இரவு முழுக்க வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல ஸ்லீப்பிங் பேக்குக்குள், அதாவது பஞ்சு அடைத்த தூங்கும் பைக்குள், அதுவே போதும். போதவில்லை என்றால் அந்த வெப்பம் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தை அடைக்காமல் ஹீட்டரை மட்டும் வைத்தால், எரிபொருள் தீர்ந்த சற்று நேரத்தில் பழைய குளிர் திரும்பி வந்துவிடும்.

ஆகவே இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். உடம்பில் எந்த இடம் குளிர்கிறது? இரவில் எத்தனை மணிக்குக் குளிர ஆரம்பிக்கிறது? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கீழே உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

## தலைவலி, குமட்டல், தலைசுற்றல்

குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே எல்லோரும் வண்டியை விட்டு வெளியே வாருங்கள். கதவுகளைத் திறந்து போடுங்கள். இஞ்சின் ஓடினால் நிறுத்துங்கள், ஹீட்டர் எரிந்தால் அணையுங்கள். இது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலியே தெரியாமல் நினைவு போய்விடும் என்பதுதான் இதன் கொடுமை. கூடப் படுத்தவருக்கும் அதே தலைவலி என்றாலோ, கூட வந்த நாய் தள்ளாடினாலோ சந்தேகமே வேண்டாம்.

வெளிக்காற்றில் நின்றதும் தெளிந்துவிட்டது என்று மறுபடி போய்ப் படுக்காதீர்கள். சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி வெளியேறவே 4, 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது மிக வேகமாக இறங்கும். அவசர உதவியை அழையுங்கள்.

எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டிய இடங்கள்: சைலன்சர் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா, பின்தொட்டியில் படுத்திருந்தால், பின்கதவின் இடுக்கு வழியாகப் புகை உள்ளே ஏறியதா, மூடிய இடத்தில் கேஸ் ஹீட்டரோ அடுப்போ எரிந்ததா. இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்திருக்கிறேன் என்பது அதற்குப் பதில் ஆகாது. கரித்தணலைச் சட்டியில் அள்ளி வண்டிக்குள் வைப்பது அதைவிட மோசம். தீ தெரியாவிட்டாலும் தணல் இந்த வாயுவைத் தாராளமாகக் கக்கும்.

சில கேஸ் ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு இருக்கிறது. அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. அதற்குத் தனி அலாரம் வேண்டும். வீட்டுக்கான அலாரங்கள் பல உறைகுளிரில் வேலை செய்யும் உத்தரவாதத்தோடு வருவதில்லை. ஆகவே வண்டிகளுக்கென்று செய்ததை வாங்கி, படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் மேலே சொன்ன எதையும் செய்யவும் கூடாது.

## முதுகும் இடுப்பும் சில்லென்று இருக்கின்றன, மேல்பக்கம் பரவாயில்லை

டிரக்கில் படுப்பவர்களின் குறைகளில் நான் அதிகம் கேள்விப்படுவது இதுதான். இதைச் சரிசெய்தாலே பலருக்கு மற்ற குறைகள் பாதி தீர்ந்துவிடுகின்றன.

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவது அதன் பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்றால். நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பகுதி நசுங்கி அந்தக் காற்று போய்விடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பேக் ஆனாலும் கீழ்ப்பக்கம் அது வெறும் துணிதான். அந்தப் பக்கத்தைக் காக்க வேண்டியது பேக்குக்குக் கீழே விரிக்கும் காப்புப் பாய். டிரக்கில் இது இன்னும் கடினம். தரையில் படுத்தால் உங்களுக்குக் கீழே மண் இருக்கிறது. பின்தொட்டியில் படுத்தால் மெல்லிய தகடு, அதற்குக் கீழே வீசும் காற்று. வெளியே என்ன குளிரோ அதே குளிர் அந்தத் தகட்டிலும் இருக்கும்.

காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் படுத்த பிறகு, இடுப்பிருந்த இடத்தில் பாய்க்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பு தெரிந்தால் உங்கள் உடம்புச் சூடு பாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

வெறும் காற்றடிக்கும் மெத்தையில் படுப்பவர்களுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. அதன் பெரிய அறைகளுக்குள் காற்று மேலும் கீழுமாகச் சுழன்று, உங்கள் சூட்டை எடுத்துப்போய்த் தகட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். தடிமன் இருக்கிறது, காப்பு இல்லை. பாய் வாங்கும்போது தடிமனைவிட ஆர் மதிப்பைப் பாருங்கள். வெப்பத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. இப்போது பல நிறுவனங்கள் ஏஎஸ்டிஎம் எஃப் 3340 என்ற ஒரே சோதனைமுறையில் அளப்பதால், அந்த எண் உள்ள பாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மடித்து எடுத்துச்செல்லும் சாதாரண ஃபோம் பாய்க்கு ஆர் மதிப்பு சுமார் 2. உறைகுளிருக்கு 5 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது என் கணக்கு.

நல்ல செய்தி, இந்த மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆர் 2 ஃபோம் பாய்மேல், உள்ளே காப்பு உள்ள ஆர் 3.5 காற்றுப் பாயைப் போட்டால் 5.5 ஆகிவிடும். டிரக்கில் எடையைப் பற்றிக் கவலையில்லை. அடியில் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் கட்டிடங்களுக்குப் போடும் கெட்டியான ஃபோம் அட்டை, அதன்மேல் பாய் என்று அடுக்கினால், பல இரவுகள் கெட்டுப்போன தூக்கம் திரும்பிவிடும். கம்பளியோ ரஜாயோ உபரியாக இருந்தால் மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரித்துப் பாருங்கள்.

பின்சீட்டில் படுப்பவர்களுக்கு வேறொரு ஓட்டை இருக்கிறது: சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது, அங்கே போய்த் தேங்கும். துணிப்பைகளையும் சாமான்களையும் அந்தப் பள்ளத்தில் அடைத்துச் சமமாக்கிவிடுங்கள். படுக்க இடமும் அகலமாகும்.

## படுத்து ஒரு மணி நேரமாகியும் சூடே ஏறவில்லை

ஸ்லீப்பிங் பேக் வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைப் பிடித்து வைக்கும். விறைத்துப்போன உடம்போடு உள்ளே போனால் அந்த விறைப்பைத்தான் பிடித்து வைக்கும்.

முதலில் துணியைப் பாருங்கள். பகலெல்லாம் மேடேறி, இரை கிடைத்திருந்தால் அதைச் சுமந்தும் வந்திருப்பீர்கள். உள்ளாடை காய்ந்ததுபோல் தோன்றினாலும் வியர்வை ஈரம் அதில் இருக்கும். பருத்தி என்றால் நிச்சயம் இருக்கும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடையும் காலுறையும் தனியாக வைத்திருங்கள், வேறெதற்கும் அவற்றைப் போடாதீர்கள். குளிரில் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவது அந்த இரண்டு நிமிடம் கசப்பாகத்தான் இருக்கும். அதற்குச் சோம்பினால் விலை கொடுப்பது இரவு முழுக்க.

அடுத்தது வயிறு. படுக்கும் முன் கொழுப்பும் மாவுச்சத்தும் கலந்த சூடான சாப்பாடு சாப்பிடுங்கள். பிறகு வியர்க்காத அளவுக்கு ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு உள்ளே போங்கள். பேக்கை உறையிலிருந்து உருவி, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே உதறி விரித்துவைத்தால் பஞ்சு உப்பிக்கொள்ளும்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஒரு மடக்கு மது குடிப்பவர்கள் உண்டு. மது தோலடி ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே இருக்க வேண்டிய சூட்டை வெளியே கொண்டுவருகிறது. முகம் கதகதக்கும், உடம்பு இழக்கும்.

இவ்வளவும் செய்தும் ஏறவில்லை என்றால் வெந்நீர் பாட்டில். ஒரு லிட்டர் நீர் 90 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது சுமார் 64 வாட் மணி வெப்பத்தை விடுகிறது. உங்கள் உடம்பு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தருவது அவ்வளவுதான்! கொதிநீரைத் தாங்கும் கெட்டி பாட்டிலாக இருக்கட்டும். மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். பெரிய ரத்தக்குழாய்கள் அங்கேதான் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. காலையில் உறையாத குடிநீரும் கையில் இருக்கும்.

## நன்றாகத் தூங்கி, விடியற்காலை 3, 4 மணிக்குக் குளிரில் விழிப்பு

இந்த நேரத்தில் இரண்டு இறக்கங்கள் சேர்கின்றன. உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன். வெளிக்காற்றும் சூரியன் எழும் நேரத்தையொட்டித்தான் மிகக் குளிர்கிறது. ஆகவே மாலைக் குளிரைப் பார்த்துப் போர்வையைத் தீர்மானிக்காதீர்கள், விடியற்காலைக் குளிருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பேக்கின்மேல் போட்டிருக்கும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பேக்குகளில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். முதலாவது சௌகரிய அளவு. இரண்டாவது எல்லை அளவு: சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது அதீத அளவு: உயிர் பிழைப்பதற்கானது, தூங்குவதற்கானது அல்ல. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. நீங்கள் வாங்க வேண்டியது முதலாவது எண்ணைப் பார்த்து. அதிலும் எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரியாவது கீழே இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதன்மேல் இன்னொரு மெல்லிய பேக்கை உப்பலாகப் போர்த்துங்கள். உள்ளே நான்கு ஜாக்கெட் போட்டு நெருக்கினால் பஞ்சு நசுங்கிப் பலன் குறைந்துவிடும்.

சிறுநீர் முட்டிக்கொண்டு விழிப்பு வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். அதற்கென்று அடையாளம் போட்ட அகலவாய் பாட்டில் ஒன்று உள்ளேயே இருந்தால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கொட்டைகளோ சாக்லேட்டோ வைத்திருங்கள். அந்த நேரத்தில் நான்கு வாய் தின்றால் மறுபடி சூடேறும்.

வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்பதும் கணக்கில் வரும். தெளிந்த, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறி நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். பட்ட மரத்துக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

## பாதம் மட்டும் பனிக்கட்டி

பாதத்தில் குறை இல்லாமலே பாதம் குளிரும். உடம்பின் நடுப்பகுதிக்குச் சூடு போதாதபோது, கைகால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு சுருக்கிக்கொள்கிறது. ஆகவே முதலில் தொப்பி, கழுத்துத் துணி, முதுகுக்குக் கீழே பாய். அதற்குப் பிறகு காலுறை. இரண்டு ஜோடி திணித்துப் போடுவதைவிடத் தளர்வான, காய்ந்த ஒரே கம்பளிக் காலுறை மேல். பேக்கின் கால்முனை பின்கதவுத் தகட்டில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; முட்டினால் இடையில் ஒரு ஜாக்கெட்டைச் செருகுங்கள்.

விரல் வெளுத்து, மெழுகுபோல் கெட்டியாகி, உணர்ச்சியும் இல்லை என்றால் அது உறைபனிக் காயம். தேய்க்கவே கூடாது. மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்குப் போன பிறகுதான் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும்.

## காலையில் கண்ணாடி, கூரை, பேக் எல்லாம் ஈரம். இரண்டாம் மூன்றாம் இரவில் குளிர் கூடுகிறது

முதல் இரவு சுகமாக இருந்து மூன்றாம் இரவு நடுங்கினால், வானிலை மாறிவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் மாறியது பேக். ஒரு மனிதர் ஒரு இரவில் மூச்சிலும் தோலிலுமாகச் சுமார் கால் லிட்டர் நீரை வெளியே விடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். மூடிய வண்டிக்குள் அது எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியிலும் கூரையிலும் படிந்து உறைந்து, விடிந்ததும் உருகி உங்கள்மேல் சொட்டும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இதைப் பல மடங்காக்கும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும்.

ஈரம் பேக்கின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். வெளித்துணி நனைந்திருந்தால் மேலிருந்து சொட்டியது, அல்லது பேக் சுவரில் உரசியது. வாய்ப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் முகத்தை உள்ளே புதைத்து மூச்சு விட்டிருக்கிறீர்கள். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், முகத்துக்கு ஒரு மெல்லிய துணி போதும். உட்பக்கம் பிசுபிசுத்தால் வியர்த்திருக்கிறீர்கள். படுக்கும்போது ஒரு அடுக்கைக் குறையுங்கள்.

சரிசெய்வது பலருக்கு ஏற்க முடியாத ஒரு வேலையில் தொடங்குகிறது: ஜன்னலைத் திறப்பது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு இடத்தில் விரல் அகலம் திறந்துவையுங்கள். உள்ளே காற்று சில டிகிரி குளிரும், ஆனால் பஞ்சு காய்ந்திருக்கும். காய்ந்த பஞ்சில் குளிர்ந்த வண்டி, ஈரப் பஞ்சில் வெப்பமான வண்டியைவிட எவ்வளவோ மேல். பின்தொட்டிக்கு மேல் மாட்டும் கூடு வெறும் ஃபைபரோ அலுமினியமோ என்றால், உட்பக்கம் முழுக்கக் கார்ப்பெட்டோ மெல்லிய ஃபோமோ ஒட்டுங்கள். சொட்டுவது வெகுவாகக் குறையும். ஜன்னல்களுக்கு வெள்ளிப் பூச்சுத் தடுப்பை அளவாக வெட்டி இறுக்கமாகப் பொருத்துங்கள். தொளதொளவென்று இருந்தால் அதன் பின்னால் பனி படியும்.

ஈரக் கோட்டு, பனி ஒட்டிய பூட்ஸ், நனைந்த நாய் இவை எல்லாமே நீர்மூட்டைகள். முடிந்ததை உதறி, முன் கேபினில் போட்டுவிட்டுப் பின்னால் படுங்கள். காலையில் பேக்கைச் சுருட்டிக் கட்டிவைக்காதீர்கள். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாத நாளில், வண்டி ஓடும்போது கேபின் ஹீட்டரைப் போட்டு சீட்டின்மேல் விரித்துவையுங்கள். வாத்து இறகுப் பேக்குகள் ஈரம்பட்டால் உப்பலை இழந்துவிடும். தொடர்ந்து பல இரவுகள் தங்குபவர்களுக்குச் செயற்கைப் பஞ்சையே நான் பரிந்துரைப்பேன்.

## ஹீட்டர் நடு இரவில் நின்றுவிடுகிறது

கேஸ் ஹீட்டர் என்றால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே நின்றுவிடும். கலப்பு வாயுச் சிலிண்டர்கள் தொடக்கத்தில் நன்றாக எரிந்து பாதியில் சோர்ந்துபோவது இதனால்தான். உயரமான மலையில் ஹீட்டர் அடிக்கடி அணைந்தால் ஆக்சிஜன் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை ஏமாற்றி எரியவைக்க முயலாதீர்கள். என்னைக் கேட்டால், புகைபோக்கி இல்லாத எந்த ஹீட்டரும் உடை மாற்றும்போதும் காலையில் எழும்போதும் மட்டும், காற்றுக்கு வழி திறந்துவைத்து, விழித்திருக்கும்போது எரியட்டும். தூங்கும்போது அணைந்தே இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து காற்றெடுத்து வெளியிலேயே புகைவிடும் டீசல் ஹீட்டர் வேறு வகை. இரவுக்கு அதுதான் ஏற்றது, அலாரம் பக்கத்தில் இருக்கும்வரை. அது வெள்ளைப் புகை விட்டுப் பற்றாமல் நின்றால், பற்றவைக்கும் பிளக்குக்கு மின்சாரம் போதவில்லையா என்று பாருங்கள்; தொடங்கும் சில நிமிடங்களுக்கு அது 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய நீளமான ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். கோடைக்கால டீசல் குளிரில் மெழுகு கட்டும். எப்போதும் குறைந்த நிலையிலேயே ஓட்டினால் உள்ளே கரி படியும். அவ்வப்போது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் புகைக்குழாய் இணைப்புகளைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

## காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

இரவில் 12 வோல்ட் மின்கம்பளியை வண்டி பேட்டரியில் மாட்டியிருந்தீர்களா? 50 வாட் கம்பளி 8 மணி நேரத்தில் 30 ஆம்பியர் மணிக்கு மேல் குடித்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவே ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. முற்றிலும் தீர்ந்த பேட்டரி மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்துபோகலாம். உறைந்ததைச் சார்ஜ் செய்யவோ, இன்னொரு பேட்டரியோடு இணைத்து ஜம்ப் கொடுக்கவோ கூடாது, வெடிக்கும். கம்பளிக்குத் தனி பேட்டரி வையுங்கள். லித்தியம் என்றால் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள்.

## பூட்ஸ் விறைத்துவிட்டது, துப்பாக்கியின் ஸ்கோப் மங்கிவிட்டது

பூட்ஸின் உள்பாயையும் உள்ளுறையையும் உருவி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தோலை நன்றாக விரித்துவிட்டுப் படுத்தால் காலையில் கால் நுழையும். துப்பாக்கி இதற்கு நேர்மாறு. குளிரில் கிடந்ததைச் சூடான, ஈரமான இடத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியிலும் இயங்குபாகங்களிலும் நீர் படிந்து, வெளியே எடுத்ததும் உறையும். குண்டுகளை நீக்கிப் பூட்டிய பெட்டியில், குளிரான பகுதியிலேயே இருக்கட்டும். வண்டிக்குள் ஆயுதம் வைக்கும் சட்டம் இடத்துக்கு இடம் வேறு. புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

## நடுக்கம் நிற்கவில்லை, அல்லது திடீரென்று நின்றுவிட்டது

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. கைதடுமாறுதல், வார்த்தை குழறுதல், எதிலும் அக்கறையின்மை ஆகியவை அறிகுறிகள். சூடு ஏறாமலே நடுக்கம் மட்டும் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள், நிலைமை முற்றுகிறது. ஈர உடையைக் கழற்றி, காய்ந்த பேக்குக்குள் வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை அக்குளிலும் மார்பிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், முரட்டுத்தனமாகப் புரட்டாதீர்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். அவசர உதவியை அழையுங்கள்.

இஞ்சினை ஓடவிட்டுக் கேபின் ஹீட்டரைப் போட வேண்டியது இப்போதுதான். சைலன்சர் வாயைச் சுற்றிப் பனியை அள்ளி எறிந்துவிட்டு, காற்று வீசாத பக்க ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, யாராவது ஒருவர் விழித்திருக்க, மணிக்குப் பத்து நிமிடம் என்று இஞ்சினை ஓடவிடுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படுவதானால், நடுங்கிக்கொண்டிருப்பவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்காதீர்கள்.